சொந்தப் பணத்துக்கு ஏன் இந்தச் சந்தேகம்?

அமெரிக்காவில் வாடகைக்குக் கார் எடுக்க வருகிற ஒருவருடைய யோக்கியதையை நிர்ணயிக்கும்போது, அவருடைய வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அவரை நம்பி ஒரு வங்கி எவ்வளவு கடன் கொடுக்க முன்வந்திருக்கிறது என்பதையே அந்த நாட்டு வியாபார சம்பிரதாயம் பெரிதாக மதிக்கிறது. கடன் வாங்காமல் கைப்பணத்தைக் கொண்டே காரியம் பார்க்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்முடைய பிள்ளைகள், அங்கே போய் இறங்கிய முதல் வருஷத்திலேயே இந்தச் சம்பிரதாயத்தின் முன்னால் திகைத்து நிற்கிறார்கள். சொந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவரைச் சந்தேகத்தோடும், கடனாகக் கிடைத்த பணத்தைக் கொடுப்பவரை மரியாதையோடும் நடத்துவது நியாயமல்ல என்பதும், வியாபாரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டத்தாலேயே இதைத் திருத்த வேண்டும் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

கார் இல்லாவிட்டால் பஸ்ஸிலோ ரயிலிலோ போகக் கூடாதா என்று இங்கேயிருந்து கேட்பது சுலபம். டெக்ஸஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே ஆர்லிங்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு லட்சம் ஜனங்கள் வசிக்கும் அந்த நகரத்தில், குறித்த தடத்தில் குறித்த நேரத்துக்கு ஓடும் நகரப் பஸ் என்பதே கிடையாது. கைபேசியில் அழைத்தால் வந்து ஏற்றிக்கொள்ளும் சிறு வேன்கள்தாம் உண்டு, அவையும் பெரும்பாலும் நகர எல்லையைத் தாண்டுவதில்லை. அங்கேயுள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கிளையில் இந்திய மாணவர்கள் ஏராளமாகப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர், பட்டமளிப்பு விழாவுக்காக மதுரையிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரை, ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாந்தில் எழுந்திருக்கும் மீனாட்சி கோயிலுக்கு ஒரு தடவை அழைத்துப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், போவதற்கு மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் அந்தப் பிரயாணத்தை, முழங்கால் வலியுள்ள தாயாரோடு வாடகைக் கார் இல்லாமல் எப்படி முடிப்பார்? அந்த தேசத்தில் கார் ஆடம்பரப் பொருளல்ல, அத்தியாவசியம் என்பதை மறந்துவிட்டு இந்த விஷயத்தை யோசிக்க முடியாது.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தோடு விமான நிலையத்து வாடகைக் கார் கவுண்டரில் நின்று, நடந்ததை நான் நேரில் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை, ஏனெனில் பெரிய நிறுவனங்களின் விதிகள் ஏறத்தாழ ஒரே போக்கில்தான் இருக்கின்றன. மாணவர் இரண்டு வாரத்துக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்து, தம்முடைய டெபிட் கார்டிலிருந்து முழு வாடகையையும் கட்டியிருந்தார். கவுண்டரில் இருந்த பெண்மணி பதிவை எடுத்துப் பார்த்தார், லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், சாவியைக்கூட எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். பிறகு டெபாசிட்டுக்காகக் கார்டைக் கேட்டு வாங்கி, அதன் மூலையில் டெபிட் என்று அச்சிட்டிருந்ததைக் கண்டதும், அதை இயந்திரத்தில் செருகாமலே இரண்டு விரலால் மெல்லத் திருப்பித் தள்ளினார். ஓட்டுகிறவர் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டுதான் என்றால், ஊர் திரும்புவதற்கான விமான டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அல்லது கடன் அறிக்கையைச் சோதிக்கச் சம்மதிக்க வேண்டும் என்றார். உள்ளூரிலேயே வசிக்கும் மாணவருக்குத் திரும்பும் டிக்கெட் ஏது? கடன் அறிக்கையிலோ அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

"ஏன்ப்பா, பணந்தான் முன்னாடியே கட்டிட்டியே, இன்னும் என்ன கேக்குறாக?" என்றார் தாயார்.

"நம்ம பணத்தை டெபாசிட்டா எடுத்துக்க மாட்டாங்களாம்மா" என்பதற்கு மேல் மகனால் விளக்க முடியவில்லை.

முன்பணத்தில் ரத்துக் கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த விதி இரகசியமானதல்ல, பதிவுப் பக்கத்தின் அடியில் நீண்டு கிடக்கும் நிபந்தனைகளுக்குள் எங்கோ எழுதப்பட்டிருந்தது என்பது உண்மைதான். ஆனால் பணத்தை வாங்கும்போது அந்த டெபிட் கார்டை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள், காரைக் கொடுக்கும்போது மட்டும் அதே கார்டை மறுப்பதை நேர்மையான வியாபாரம் என்று என் மனம் ஒப்பவில்லை.

கிரெடிட் கார்டு இருந்தால் மட்டும் தொல்லை தீர்ந்துவிடுகிறதா என்றால், புதிதாக வந்தவருக்கு அப்படியும் இல்லை. கடன் சரித்திரம் இல்லாதவருக்கு வங்கிகள் முதலில் கொடுக்கும் கார்டின் வரம்பு பெரும்பாலும் 500 டாலருக்குள்தான் இருக்கும். நான்கு நாள் வாடகை வரிகளோடு 260 டாலர் என்றும், அதற்கு மேல் நிறுவனம் ஜாமீனாக நிறுத்தி வைக்கும் தொகை 200 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். கார் வெளியே வரும்போதே கார்டில் 40 டாலர்தான் மிஞ்சியிருக்கும். அன்று இரவு தங்கப் போகும் ஹோட்டலில் அறை வாடகை தவிர இன்னொரு தொகையை ஜாமீனாக நிறுத்துவார்கள். வழியில் பெட்ரோல் பங்கில் கார்டைச் செருகினால், 30 டாலருக்கு எண்ணெய் போடுகிறவருக்கும் 100 டாலருக்கு மேல் தற்காலிகமாக முடக்கப்படுவது உண்டு. உண்மையில் செலவான பணம் கொஞ்சம். செலவாகாமல் பூட்டிக் கிடக்கும் பணம் அதிகம். வரம்பு பெரிதாக உள்ளவருடைய கண்ணுக்கு இந்தப் பூட்டுகள் தெரிவதே இல்லை. வரம்பு சிறிதாக உள்ளவரையோ அவை நடுவழியில் நிறுத்திவிடுகின்றன.

டெபிட் கார்டை ஏற்கும் இடங்களில் இந்த முடக்கம் இன்னும் கடுமையானது. கிரெடிட் கார்டில் முடக்கப்படுவது வங்கியின் பணம். டெபிட் கார்டில் முடக்கப்படுவது அடுத்த மாத வீட்டு வாடகைக்காக வைத்திருந்த சொந்தப் பணம். கார் பத்திரமாகத் திரும்பி வந்த பின்னும் அந்தத் தொகை விடுபடுவதற்குச் சில நாட்கள், சில வங்கிகளில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகிறது. காரை ஒப்படைத்த ரசீது கையில் இருக்க, பணம் மட்டும் வாராமல் இருக்கும் அந்த நாட்களில், மளிகைக் கடைக்குக்கூட யோசித்து யோசித்துப் போகிற மாணவர்கள் இருக்கிறார்கள்.

பல கிரெடிட் கார்டுகள், முழு வாடகையையும் அந்தக் கார்டிலேயே கட்டினால், கார் மோதிச் சேதமாகும்போது ஈடு கொடுக்கும் பாதுகாப்பைத் தனிக் கட்டணமின்றி அளிக்கின்றன. டெபிட் கார்டில் பெரும்பாலும் அது கிடையாது. ஆகவே அந்தப் பாதுகாப்பை வாடகை நிறுவனத்திடமே, பல ஊர்களில் நாளொன்றுக்கு 20, 30 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 25 வயது நிரம்பாதவர் என்றால் அதற்கும் தினசரி மேற்கட்டணம். வசதி குறைந்தவரே அதிகம் கொடுக்கும்படியாக எல்லாம் அமைந்திருப்பதுதான் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஆயிரம் டாலர் பெறுமானமுள்ள வாகனத்தை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு கையெழுத்தை நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதை உடைக்கலாம், திருப்பாமலே போகலாம், சுங்கச்சாவடிக் கட்டணங்களும் அபராதங்களும் வாரக்கணக்கில் கழித்து வந்து சேரலாம். ஆகவே ஒரு டெபாசிட் கேட்பது முற்றிலும் நியாயம். 1918-ல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டஜன் ஃபோர்டு கார்களோடு இந்தத் தொழிலை ஆரம்பித்தபோதும், 1946-ல் வாரன் அவிஸ் மிச்சிகனில் விமான நிலையத்திலேயே கார் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியபோதும், கிரெடிட் கார்டு என்ற வஸ்து ஜனங்களின் கையில் இல்லை. டைனர்ஸ் கிளப் கார்டு வந்ததே 1950-ல்தான். பிற்காலத்தில் விசா என்று பெயர் மாறிய வங்கிக் கார்டு கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் வீடு வீடாகத் தபாலில் போய்ச் சேர்ந்தது 1958-ல். கார் வாடகைத் தொழில் கார்டு இல்லாமலே பல பத்தாண்டுகள் செழித்திருக்கிறது என்பதால், கார்டு இல்லையேல் கார் இல்லை என்பதை இயற்கை விதிபோலப் பேசுவதற்கு ஆதாரம் இல்லை.

கடன் சரித்திரம் என்பதுதான் என்ன? அதை எண்ணாக்கிக் காட்டும், 300-லிருந்து 850 வரை போகும் ஃபைகோ புள்ளியில், தவணைகளை ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதமும், பாக்கி நிற்கும் கடனின் அளவுக்கு 30 சதவீதமும், கடன் பழக்கத்தின் வயதுக்கு 15 சதவீதமும் இடம் தருகிறார்கள். ஆறு மாதமாவது ஒரு கணக்கு நடந்திருந்தால்தான் புள்ளி என்ற ஒன்றே பிறக்கும். 500 டாலர் வரம்புள்ள கார்டில் 400 டாலர் செலவழித்து, மாதக் கணக்கு முடியும் நாளில் அது பாக்கியாக நின்றால், பயணம் போய் வந்த காரணத்தாலேயே புள்ளி குறையவும் கூடும்.

இந்த மாணவர்களைக் கடன் சரித்திரம் இல்லாதவர்கள் என்று சொல்வதே எவ்வளவு பொருத்தமற்றது என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர், பெற்றோர் குடியிருக்கும் வீட்டையே அடமானமாக வைத்து, பல லட்ச ரூபாய் கல்விக் கடன் பெற்றுத்தான் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். மாதம் தவறாமல் அதற்கு வட்டி கட்டி வருகிற தகப்பனார், கவுண்டரில் மகனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கடன் இந்தியாவில் சிபில் நிறுவனத்தின் ஏட்டில் வரிக்கு வரி பதிவாகியிருக்கிறது. அந்த சிபில் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்றே அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் கடன் அறிக்கைகளைப் பராமரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றான டிரான்ஸ்யூனியன்தான் அதன் உரிமையாளர். மற்ற இரண்டான எக்ஸ்பீரியனும் ஈக்விஃபாக்ஸும்கூட இந்தியாவில் இதே தொழிலை நடத்துகின்றன. சமுத்திரத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் நாணயத்தைப் பதிவு செய்கிற அதே நிறுவனம், அந்தப் பக்கத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லும்போது, இந்த ஏடுகள் கடன் கொடுப்பவரின் சௌகரியத்துக்காகவே வைக்கப்பட்டவை என்பது விளங்கிவிடுகிறது. ஓரிரு கார்டு நிறுவனங்கள் இந்தியக் கடன் அறிக்கையை ஏற்றுக் கார்டு கொடுக்க ஆரம்பித்திருப்பது நல்ல திருப்பம். அது விதிவிலக்காக நின்றுவிடாமல் வழக்கமாக வேண்டும்.

அதுவரையில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒன்று செய்யலாம். போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்குத் திறந்த உடனேயே, 200 டாலரோ 500 டாலரோ வங்கியில் ஈடாகக் கட்டி, அந்தத் தொகையையே வரம்பாகக் கொண்ட ஒரு கிரெடிட் கார்டை வாங்கி, மாதந்தோறும் பாக்கியில்லாமல் கட்டிவரச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் புள்ளியும் வரும், வரம்பும் ஏறும். பயணத்துக்குப் பதிவு செய்யும்போது முன்பணம் கட்டாமல், கார் எடுக்கும் அந்தக் குறிப்பிட்ட கிளைக்கே தொலைபேசியில் பேசி, டெபிட் கார்டை ஏற்பார்களா, எவ்வளவு முடக்குவார்கள் என்று கேட்டுக்கொள்வது உத்தமம்; விமான நிலையத்துக் கிளைக்கு ஒரு விதியும் ஊருக்குள் இருக்கும் கிளைக்கு வேறு விதியும் இருப்பது சகஜம்.

ஆனால் தனி மனிதரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி இந்தக் குறையைத் தீர்த்துவிட முடியாது. 1974-க்கு முன்பு அமெரிக்காவில் மணமான பெண் ஒருத்தி, தானே சம்பாதித்தாலும், கணவரின் கையெழுத்து இல்லாமல் கடன் கணக்குத் திறக்கப் பல இடங்களில் மறுத்தார்கள். அந்த வருஷத்தில் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வழக்கம் முறிந்தது. வாடகைக் கார் விஷயத்திலேயே, 18 வயது நிறைந்தவருக்கு வயதைக் காரணம் காட்டிக் கார் மறுக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்திருக்கிறது. மேற்கட்டணம் வாங்க இடமுண்டு, கதவை அடைக்க இடமில்லை. வயதுக்குச் செய்ததைப் பணத்தின் வகைக்கும் செய்யலாம். கிரெடிட் கார்டில் கேட்கும் அதே தொகையை டெபிட் கார்டில் கொடுக்க முன்வருகிறவருக்குக் கார் மறுக்கக் கூடாது. எந்தக் கார்டு வேண்டும், எவ்வளவு முடக்கப்படும் என்ற இரண்டு செய்திகளும், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, வாடகைத் தொகை அச்சிடப்படும் அதே பருமனான எழுத்தில் இருக்க வேண்டும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது தரப்படும் ரசீதில், டெபாசிட் எந்தத் தேதிக்குள் விடுவிக்கப்படும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும்; அந்தத் தேதி கடந்தால், கடந்த ஒவ்வொரு நாளுக்கும் வட்டி கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும்.