பம்புக்குச் சேராத பெருமை

ஓய்விலிருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் வகுப்பறைகளில் தயாராக ஒரு விடை உண்டு. சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஒரு நேர்மின்சுமை குறைகிறது. அதனால் உள்ளே எதிர்மின். கணக்கு சரி, முடிவு தவறு.

மின்னழுத்தத்தைப் பம்ப்தான் உண்டாக்குகிறது என்றால், பம்பை நிறுத்தியதும் அது சரிய வேண்டும். கணவாயின் பெருநரம்பிழையில் ஹாட்ஜ்கின், கெய்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1955இல் வெளியிட்டார்கள். சயனைடு போன்ற நஞ்சுகளால் சோடியம் வெளியேற்றம் ஏறக்குறைய நின்றுபோனது. ஓய்வு மின்னழுத்தமோ பெரிதாக அசையவில்லை. இழை துடிப்புகளையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் இன்னும் துணிந்தார்கள். இழைக்குள் இருந்த கூழை உருளையால் பிதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். பம்புக்கு எரிபொருளான ஏடிபி அதில் இல்லை. ஆனாலும் மின்னழுத்தம் வந்தது! பொட்டாசியத்தை வெளியிலும் சோடியத்தை உள்ளிலும் மாற்றி வைத்தபோது உட்புறம் நேர்மின்னானது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஓய்வில் செல் சவ்வு பொட்டாசியத்துக்கே அதிகம் வழிவிடுகிறது. செறிவு மிகுந்த உட்புறத்திலிருந்து அது கசிய, உள்ளே எதிர்மின் மிஞ்சுகிறது. சோடியமும் சிறிது உள்ளே கசிவதால்தான் அளவு -90க்குப் போகாமல் -70 அருகே நிற்கிறது.

அந்த 3:2 கணக்கின் நேரடிப் பங்கு? சில மில்லிவோல்ட், அவ்வளவே.

உள்ளிருக்கும் புரதங்களின் எதிர்மின்சுமையே காரணம் என்று சிலர் துணைக்கு ஒரு வாதம் கொண்டுவருவார்கள். அதுவும் நிற்காது. அந்தச் சுமையைப் பொட்டாசியமே பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல்லில் 70 மில்லிவோல்ட் உண்டாக, உள்ளிருக்கும் பொட்டாசிய அயனிகளில் ஏறத்தாழ 60,000க்கு ஒன்று வெளியேறினால் போதும். அந்தப் பிரிவினையும் சவ்வின் இரு முகங்களில் மட்டுமே.

அப்படியானால் பம்ப் வீணா? இல்லை. மேல்தொட்டியில் நீர் ஏற்றும் மோட்டார் அது. குழாயில் நீர் விழுவது தொட்டியின் உயரத்தால். மோட்டார் நின்றால் தொட்டி ஒருநாள் காலியாகும். கணவாயின் பருத்த இழை நெடுநேரம் தாங்கும். பக்கவாதத்தில் இரத்தம் கிடைக்காத மூளைச் செல்களோ சில நிமிடங்களில் மின்னழுத்தத்தை இழக்கின்றன.

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தப் பொட்டாசியத்தை மருத்துவர்கள் அவ்வளவு கவனிப்பதும், மின்னழுத்தம் பொட்டாசியச் செறிவைச் சார்ந்திருப்பதால்தான். அது லிட்டருக்கு 4 மில்லிமோலிலிருந்து 8 ஆனால், பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தம், அதாவது அதன் நிகரக் கசிவு நிற்கும் மின்னழுத்தம், ஏறத்தாழ -95 மில்லிவோல்ட்டிலிருந்து -76க்கு வந்துவிடும், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆசிரியர்களே, இனி இந்தப் பாடத்தைப் பொட்டாசியக் கசிவிலிருந்து தொடங்குங்கள். பம்ப் பிறகு வரட்டும்.