பிரஜா உரிமைப் பரீட்சையும் உழைப்பாளி மக்களும்

பிரிட்டனில் நிரந்தரமாக வாழவும் அந்நாட்டுப் பிரஜையாகவும் விரும்பும் அயல்நாட்டார், அந்நாட்டுச் சரித்திரத்திலும் சமூக வாழ்க்கையிலும் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். 2005-ம் ஆண்டு நவம்பரில் இது அமலுக்கு வந்தது. மொத்தம் 24 கேள்விகள், 45 நிமிடம், 18 கேள்விகளுக்காவது சரியான விடை வேண்டும். ஒரு தடவை எழுத 50 பவுன் கட்டணம். தோற்றால் மறுபடியும் 50 பவுன். பரீட்சையில் தேறிய பிறகு பிரஜா உரிமை மனுவுக்கென்று 1,600 பவுனுக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். அந்த மனுவைப் பரிசீலிக்க சர்க்காருக்கு ஆகும் செலவைப் போல் இது பல மடங்கு!

லண்டனில் நடக்கும் பரீட்சைக்கும் சங்கரன்கோவில் தறித் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தப் பரீட்சையை எழுதுகிறவர்கள் யார்? பெட்ரோல் பங்கிலும் பலசரக்குக் கடையிலும் இரவு பகலாக நிற்கும் ஈழத் தமிழ் இளைஞர்கள். முதியோர் விடுதிகளில் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் கேரளத்துப் பெண்கள். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண்கள். நம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் இப்போது அதற்குத்தான் படிக்கிறாள். இரவு டூட்டி முடிந்து வந்து படிக்கிறாளாம். அந்தப் புத்தகத்தின் சில பக்கங்களைப் போனில் தகப்பனாருக்கு அனுப்பியிருந்தாள். அவர் கட்சி ஆபீசுக்குக் கொண்டு வந்து காட்டினார். "எட்டாவது ஹென்றி ராஜாவுக்கு ஆறு பெண்டாட்டியாம். அத்தனை பேரையும் மனப்பாடம் பண்ணணுமாம், அண்ணாச்சி!" என்று சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் கோபப்பட வேண்டிய விஷயமும் உண்டு. சாம்ராஜ்யம் பெரும்பாலும் ஒழுங்காகவே காமன்வெல்த்தாக மாறியது, நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கப்பட்டது என்ற தோரணையில் அது எழுதப்பட்டிருக்கிறது. 2020-ம் ஆண்டு ஜூலையில் 175-க்கும் மேற்பட்ட சரித்திர ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் ஒன்று வெளியிட்டார்கள். அடிமை வியாபாரத்தையும் காலனி ஆட்சியையும் பற்றி இந்தப் புத்தகம் சொல்வது தவறு, திருத்துங்கள் என்று அதில் கேட்டார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல. பெரும்பாலோர் சர்வகலாசாலைகளில் வேலை பார்ப்பவர்கள்.

"வழங்கப்பட்டது" என்கிறார்களே, யார் யாருக்கு வழங்கினார்கள்? பிரிட்டிஷ் சரித்திரம் நமக்குத் தெரியாத சரித்திரமா? 1755-ம் ஆண்டு கர்னல் ஹெரான் பீரங்கிகளோடு கப்பம் வசூலிக்க வந்தது நமது பக்கத்து நெற்கட்டும்செவலுக்கு. எதிர்த்து நின்ற பூலித்தேவர் சங்கரன்கோவில் கோவிலுக்குள் போனவர் திரும்பி வரவில்லை என்று இன்றும் நம் ஜனங்கள் சொல்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீரின் விசையில் பாபநாசத்தில் மில் ஓட்டி லாபம் குவித்தது ஹார்வி கம்பெனி. 1908-ம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையை மார்ச்சில் கைது செய்தார்கள். திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. இதுவும் பிரிட்டிஷ் சரித்திரம்தான். மில் தொழிலாளி பஞ்சுத் தூசியை விழுங்கி எழுதிய சரித்திரம். இதிலிருந்து ஒரு கேள்வி கேட்கட்டுமே!

நமது ஆட்சேபம் புத்தகத்தோடு முடிவதில்லை. புத்தகத்தைத் திருத்தினாலும் பரீட்சை இருக்கும். இந்தப் பரீட்சைகளின் வர்க்க குணத்தைத்தான் உழைப்பாளி மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். பணமூட்டை வைத்திருப்பவனுக்கு அந்நாடு என்ன வழி வைத்திருந்தது? 2008 முதல் 2022 பிப்ரவரி வரை முதலீட்டாளர் விசா என்று ஒன்று இருந்தது. கடைசி வருஷங்களில் 20 லட்சம் பவுன் போட்டவனுக்குக் கதவு திறந்தது; ஒரு கோடி பவுன் போட்டவன் இரண்டே வருஷத்தில் நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம். முதியோருக்கு மலம் அள்ளியவளுக்கோ நீண்ட காத்திருப்பு!

உழைத்தவனை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி போதும். யுத்தத்தில் இடிந்து கிடந்த பிரிட்டனைக் கட்டி எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. 1948 ஜூன் 22-ந் தேதி 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து கறுப்பு மக்கள் வந்து இறங்கினார்கள். பின்னும் பல கப்பல்களில் வந்தார்கள். பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிகளில் உழைத்தார்கள். அவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். ஐம்பது அறுபது வருஷம் கழித்து, நீ இங்கே இருந்ததற்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி கொண்டு வா என்றது உள்துறை இலாகா. வந்திறங்கிய சீட்டுகள் அந்த இலாகாவிடமே இருந்தன. 2010-ல் அவற்றை அழித்ததும் அதே இலாகாதான்! வேலை போயிற்று, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-ல் விஷயம் அம்பலமான பிறகுதான் பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டார்.

இதே 1948-ம் ஆண்டில், வெள்ளைக்காரன் போன கையோடு, இலங்கையில் நம் மக்களுக்கு வைக்கப்பட்ட பரீட்சையோ இதைவிடக் கொடியது.

திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் துரத்திய கூலி விவசாயிகளைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். அது நோயில் அழிந்ததும் தேயிலைத் தோட்டம். மண்டபத்திலும் தட்டப்பாறையிலும் முகாம் போட்டு, நோய் இருக்கிறதா என்று ஆடுமாடுகளைப் போல் சோதித்து அனுப்பினார்கள். பிரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட, லயக் காம்பிராவில் பிள்ளை பெற்று, அங்கேயே செத்து, தேயிலைக்கு எருவானார்கள். இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது அவர்கள் கிள்ளிய கொழுந்து.

அவர்களில் பலர் 1931 முதல் ஓட்டுப் போட்டவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காக நடந்த வேலை நிறுத்தத்தில் கோவிந்தன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். தோட்டத்தில் சங்கம் வளர்ந்தது. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளை ஜெயிக்க வைத்தது. டி. எஸ். சேனநாயகாவின் சர்க்கார் மிரண்டது இதைப் பார்த்துத்தான். இனத்தின் பெயரால் சட்டம் வந்தது. அடி விழுந்ததோ வர்க்கத்தின் மேல்.

1948-ம் ஆண்டு 18-ம் நம்பர் சட்டம் என்ன சொன்னது? நீ இலங்கையில் பிறந்தது போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்ததாகக் காட்டு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததாகக் காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிய எந்தத் துரை கவலைப்பட்டான்? 1949-ம் ஆண்டு 3-ம் நம்பர் சட்டம் இன்னொரு வாசலைத் திறப்பதுபோல் பாவனை செய்தது. கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம், 1946 ஜனவரி 1-க்கு முன் இடைவிடாமல் வசித்ததை ருசுப்பிக்க வேண்டும். மனைவியும் கல்யாணமாகி ஓராண்டுக்குள் வந்து இடைவிடாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும். தாயைப் புதைக்கவோ தங்கையைக் கட்டிக் கொடுக்கவோ ஊருக்கு வந்து, கடனை அடைக்க வழியில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியவன் கதி? மனு தள்ளுபடி. கைநாட்டு வைக்கும் மனிதனிடம் தஸ்தாவேஜு பரீட்சை!

குடும்பத்தார் உட்பட சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுச் செய்யப்பட்டது. பிரஜா உரிமை கிடைத்ததோ சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே 1949-ல் இன்னொரு சட்டத்தால் ஓட்டுரிமையையும் பறித்தார்கள். கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. இது அந்தச் சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 1953-ல் வெள்ளைக்கார நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். யாருடைய தோட்டங்களுக்காக அந்த மக்கள் கப்பலேற்றப்பட்டார்களோ, அவர்கள் தலைநகரில் இந்தத் தீர்ப்பு!

பிறகு 1964 அக்டோபர் 30-ந் தேதி சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பாகம் பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. பாக்கி ஒன்றரை லட்சத்தை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இதையும் சொல்லாமல் விடக்கூடாது: 1948-ல் அந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய சமசமாஜக் கட்சி, 1964-ல் மந்திரி பதவி ஏற்று சிரிமாவோவின் சர்க்காருக்குள் உட்கார்ந்திருந்தது. இடதுசாரி இயக்கத்தின் சரித்திரத்தில் இது ஒரு கறை.

ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களுக்கு மறுபடியும் அதே மண்டபம் முகாம்! பாட்டன் போன வழி, பேரன் திரும்பி வந்த வழி. சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்குக் கூட்டுறவு நூற்பு மில், சிலருக்குச் சிறுகடன். பூர்வீக ஊரைத் தேடிப் போன பலருக்கு அங்கே ஒரு குழி நிலம் இல்லை. "சிலோன்காரன்" என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். இலங்கையில் எஞ்சியவர்களின் நாடற்ற நிலைமை 2003-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் சட்ட அளவில் தீர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இங்கேயாவது தீர்ந்ததா? 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்தவர்களில் மலையகத் தமிழரும் ஏராளம். அவர்கள் நம் ஊர்க் கூலி விவசாயிகளின் வம்சம். முகாமுக்கு 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதே. ஆனால் 2003-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி உரிய தஸ்தாவேஜு இல்லாமல் வந்தவர் 'சட்ட விரோதக் குடியேறி'. அவர் பிரஜா உரிமைக்கு மனுவே போட முடியாது. 1987 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு, இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. 2019-ம் ஆண்டுச் சட்டமோ பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைப் பொறுக்கி எடுத்து, முஸ்லிம்களை நீக்கி, ஆறு மதத்தாருக்கு மட்டும் சலுகை தந்தது. இலங்கைத் தமிழனுக்கு அதில் இடமில்லை. இந்துக்களின் காவலர் என்று மார் தட்டுகிறவர்களுக்கு மண்டபத்து இந்து கண்ணில் படவில்லை போலும்!

நாம் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அசாமில் 2019 ஆகஸ்ட் 31-ந் தேதி வெளியான பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் இல்லை. தமிழகத்தில் 2025 நவம்பர் 4-ந் தேதி வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வெளியான வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்களும் இரண்டிடத்தில் பதிந்தவர்களும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திருப்பூர் மில்லுக்கும் கேரளத்துக் கட்டட வேலைக்கும் போனவன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் அவன் எப்படி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பான்? மில் முதலாளியின் பங்களாவுக்கு அந்தச் சிரமம் கிடையாது.

ஆகவே நாம் என்ன செய்வது? பரீட்சை அநியாயமானது, எழுதாதே என்று லண்டனில் இருக்கும் பெண்ணிடம் சொல்ல மாட்டோம். படிக்கட்டும், தேறட்டும், அந்த உரிமைச் சீட்டை வாங்கிக்கொண்டு அங்கே தொழிற்சங்கத்தில் சேரட்டும். கோரல் மில் கதையை அவளுக்குத் தகப்பனார் சொல்லி அனுப்பட்டும். இங்கே ஒவ்வொரு கிளையும் சாயங்கால வேளையில் உட்கார்ந்து, பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று, பழைய ரேஷன் கார்டு ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் பெயர் ஒரு தஸ்தாவேஜில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். அதை முதலில் கவனியுங்கள்.

முகாமில் இருப்போருக்குப் பிரஜா உரிமை கொடு, 2003-ம் ஆண்டு ஷரத்தைத் திருத்து என்ற கோரிக்கையை விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் தொழிலாளர் சங்கமும் தங்கள் மகாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும். இது தயவு தாட்சண்ய விஷயமல்ல. முகாமிலிருந்து பெயின்ட் அடிக்கவும் சாரம் கட்டவும் வருகிறவனுக்குக் காண்ட்ராக்டர் கூலியைக் குறைத்தால் அவன் எங்கே போய்ப் புகார் சொல்வான்? அந்தக் குறைந்த கூலியைக் காட்டித்தானே அடுத்த நாள் நம் ஆளிடமும், வந்தால் வா, இல்லாவிட்டால் போ என்கிறான் காண்ட்ராக்டர்.