பச்சை யாருக்கு?

முதல் சிக்னல்ல பச்சை விழுந்து பஸ் கிளம்புது. 'அப்பாடா'ன்னு மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த சிக்னல்ல சிவப்பு. ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் அம்பேல்! உடனே ஜாதகத்தைத் தூக்காதீங்க பாஸ். ரெண்டு சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கலை, அவ்வளவுதான்.

பேச வைக்கிறது எட்டாம் வகுப்புக் கணக்கு. நடுவுல தூரம் 500 மீட்டர். வண்டிகளோட வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது செகண்டுக்கு 10 மீட்டர். முதல் சிக்னல் பச்சையாகி 50 செகண்ட் கழிச்சு அடுத்தது பச்சையாகணும். இந்த இடைவெளிக்குப் பேர் 'ஆஃப்செட்'. ஒரு திசைக்கு அல்வா மாதிரி வேலை. எதிர்த் திசைக்கும் சேர்த்துப் போடுங்க பார்ப்போம்! ஒரு சுற்று சரியா 100 செகண்டா இருந்தா தப்பிச்சோம். அடுத்த 300 மீட்டர்ல மூணாவது சிக்னலைச் சேர்த்தேன்... நோட்டுல ரெண்டு பக்கம் அடித்தல் திருத்தல்தான் மிச்சம்.

அதுவும் வெயில் நாளுக்குப் போட்ட கணக்கு மழை நாள்ல செல்லாது. இங்கேதான் 'அடாப்டிவ்' சிக்னல் வருது. சிட்னியில 1970-களிலேயே 'ஸ்காட்ஸ்'னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்துட்டாங்க. ரோட்டுக்கு அடியில கம்பிச் சுருள். மேலே வண்டி வந்தா அதுக்குத் தெரியும். கூட்டத்தைப் பார்த்து பச்சையைக் கூட்டும், குறைக்கும்.

எனக்குப் பிடிச்சது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2012-ல கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் இறக்கின 'சர்ட்ராக்'. முதல்ல 9 ஜங்ஷன். உத்தரவு போட நடுவுல பெரியண்ணன் கம்ப்யூட்டரே கிடையாது! ஒவ்வொரு சிக்னலும் தானே பிளான் போட்டு, 'இத்தனை வண்டியை உன் பக்கம் அனுப்புறேன்'னு பக்கத்து சிக்னலுக்குச் சொல்லிடும். பயண நேரம் சுமார் 25 சதவிகிதம், காத்திருக்கிற நேரம் சுமார் 40 சதவிகிதம் குறைஞ்சது.

கை தட்டியாச்சா? எனக்கு ஒரு உறுத்தல். போன வாரம் பாட்டியோட மெயின் ரோட்டைக் கடக்க நின்னேன். அவங்க பாதி ரோட்டுக்குப் போறதுக்குள்ள பச்சை மனுஷன் கண் சிமிட்ட ஆரம்பிச்சுட்டான். பைக்காரங்க எல்லாம் உர்ர்ருங்கறாங்க. அப்போதான் உறைச்சது. கம்பிச் சுருளுக்கு உலோகம்தான் தெரியும், பாட்டி தெரியாது. அறுபது பேர் தொங்குற பஸ்ஸும், ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து போற காரும் அதுக்கு ஆளுக்கு ஒரு வண்டி. எதைக் குறைக்கணும்னு நாம புரோகிராம்ல எழுதறோமோ, அதைத்தான் அது குறைக்கும்.

சர்ட்ராக் ஆளுங்களும் இதை யோசிச்சிருக்காங்க. 'பெட்பால்'னு ஒரு ஆப். மாற்றுத்திறனாளிகள் தங்களோட நடை வேகத்தைப் பதிவு பண்ணிட்டா, போனே சிக்னல்கிட்ட கூடுதல் செகண்ட் கேட்டு வாங்கும்.

பாட்டிகிட்ட பெருமையா விளக்கினேன். 'எனக்குப் பச்சை பட்டனை அமுக்கிப் பேச மட்டும்தான்டா தெரியும்'னாங்க.

அதனால எங்க மினி புராஜெக்ட்ல, ரோட்டைக் கடக்க நிக்கிறவங்களை கேமராவுல எண்ணப் பார்க்கிறோம். ஆள் மூணு பேர் ரெடி, கேமராவும் ரெடி. மொட்டை மாடிதான் இல்லை. சிக்னல் பக்கத்துல வீடு இருக்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்களேன்!