தீவகத்தின் அமைதியைப் புகழாதீர்கள்

ரொறொன்ரோவில் வாழும் நண்பரொருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். மார்கழியில் இரண்டு கிழமை விடுமுறை கிடைக்கிறதாம். ஆடி, ஆவணி மாதக் கூட்டமும் நல்லூர்த் திருவிழா நெரிசலும் தனக்கு ஒத்துவராதாம். மாரி காலத்தில், ஆட்கள் அதிகம் போகாத ஒரு தீவுப் பட்டினத்தில் பத்து நாட்கள் தங்கிவர விரும்புகிறாராம். "ஊர்காவற்றுறை எப்படி? நெடுந்தீவு எப்படி? அங்கே நல்ல அமைதி என்று எல்லோரும் சொல்கிறார்களே" என்பது அவருடைய கேள்வி.

அவருக்குத் தனியே பதில் எழுதியிருக்கலாம். ஆனால், இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். "காலம் உறைந்த கரை", "மனிதர் கைபடாத தீவுகள்" என்றெல்லாம் பயணக் கட்டுரைகளும் காணொளிகளும் பெருகிவரும் காலம் இது. ஆகவே பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். தீவகத்துக்கு வாருங்கள், மாரியிலும் வாருங்கள். ஆனால் அந்த அமைதியைப் புகழ்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுப் பக்கம் திரும்பினால், மாரி முடியும் நாட்களில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காணலாம். கோடையில் வெடித்துக் கிடக்கும் வேலணைத் தரவைகள் அப்போது பசுமையாக இருக்கும். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்றால் எதிரே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை அது. பிற்காலத்தில் சிறையாக இருந்து, போருக்குப் பின்னர் கடற்படையினரால் உல்லாச விடுதியாக்கப்பட்டது. துறையிலிருந்து காரைநகருக்குப் போகும் மிதவையை எங்கள் சனம் "பாதை" என்றே அழைக்கும். அதில் நின்றபடி மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்ப்பது எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அந்தத் துறையின் கடைத்தெருவில் சற்று நடந்து பாருங்கள். தென்னிந்தியாவுடன் வணிகம் நடத்திய தோணிகளும் கப்பல்களும் ஒரு காலத்தில் கட்டி நின்ற துறைமுகம் அது. அதன் ஆங்கிலப் பெயரே, துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அத்தகைய பட்டினத்தில் பட்டப்பகலில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கிறதென்றால், அது இயற்கையின் கொடையா?

அந்த அமைதிக்கு ஆண்டும் மாதமும் உண்டு. 1990 ஓகஸ்ட்டிலும் 1991இன் பிற்பகுதியிலும் நடந்த படை நடவடிக்கைகளோடு தீவகத்து மக்கள் திரள் திரளாக வெளியேறினார்கள். குடாநாட்டுக்கு, வன்னிக்கு, கொழும்புக்கு, இந்தியாவுக்கு, பின்னர் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ரொறொன்ரோவுக்கும். எஞ்சியோரையும் திரும்பி வந்தோரையும் 2006 மே மாதத்தில் அல்லைப்பிட்டியில் நடந்த படுகொலை மீண்டும் துரத்தியது. கூரையின்றி, கூடத்தின் நடுவே ஆலமரம் முளைத்து நிற்கும் நாற்சார் வீடுகள் இன்றும் புங்குடுதீவிலும் வேலணையிலும் உண்டு. அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்து, "என்ன அமைதி!" என்று எழுதுகிறவரின் பேரனாரே அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவராக இருக்கலாம். ஊர்ச்சனம் உயிரைக் காப்பாற்றத் தப்பி ஓடிய இடத்தைத்தான் நகரத்து இரைச்சலிலிருந்து தப்பி ஓடுவதற்கு உகந்த இடமென்று விளம்பரம் செய்கிறோம்.

இது பழங்கதை, இன்னும் எத்தனை காலத்துக்கு ஒப்பாரி வைப்பீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். சரி, நிகழ்காலத்துக்கே வருகிறேன்.

2023 மார்கழியில் ஒருநாள் பயணமாக நெடுந்தீவுக்குப் போனேன். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். அன்று மாலை கடல் கொந்தளித்தது, படகு ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. எனக்கு அதனால் நட்டமில்லை. தங்கியிருந்த வீட்டில் கணவாய்க் கறியும் புட்டும் கிடைத்தன. பவளக்கல் வேலிகளையும் மட்டக்குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் ஆறுதலாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நானும் அந்த அமைதியை அனுபவித்தேன்.

இரண்டாம் நாள் இரவு பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுநோ. தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் அத்தகைய நோயாளியை யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும். இத்தகைய வேளைகளில் கடற்படைப் படகு உதவுவதுண்டு. அன்று அந்தக் கடலில் எந்தப் படகும் இறங்கவில்லை. விடியும்வரை அவருடைய மகள் துறைமுகத்துக்கும் வைத்தியசாலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அண்ணை, நீங்கள் பேப்பர்காரர்தானே, யாருக்காவது போன் எடுங்கோவன்" என்றார். எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் அனுதாபம் கிடைத்தது; படகு கிடைக்கவில்லை.

மறுநாள் மதியம் கடல் அடங்கிய பின்னர் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டதனாலேயே அது செய்தியாகவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருக்கும் நானும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எங்கள் தொழிலின் இலட்சணம் அது. நெடுந்தீவுப் படகைப் பற்றி நாம் விரிவாக எழுதுவது ஆண்டுதோறும் மே 15இல் மட்டுமே. 1985ஆம் ஆண்டு அந்த நாளில்தான் "குமுதினி"யில் பயணம் செய்த முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்த நினைவு போற்றப்பட வேண்டியதே. ஆனால் இன்று படகுக்காகக் காத்திருப்போரைப் பற்றியும் எழுதினால்தானே அந்த நினைவுக்குப் பொருளிருக்கும்?

தீவுகள் கண்ணில் படாத மூலையில் கிடக்கின்றன என்றும் சொல்ல முடியாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் மின்னுற்பத்தித் திட்டத்தை 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கத் தீர்மானித்ததும் இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் அது இந்தியாவின் உதவித் திட்டமாக மாறியது. இரு பெரும் வல்லரசுகளுக்குத் தெரிந்திருக்கிற தீவுகளுக்கு, மாரிக் கடலைத் தாங்கும் நோயாளர் படகு ஒன்று எப்போதும் ஆயத்தமாக நிற்கவேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தெரியாதா?

சுற்றுலா வந்தால் வசதிகளும் தானாக வரும் என்று வாதிடுவோர் உளர். கோடையில் வந்து, காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குக் கோடைப் படகே போதும். அவர் வந்து போனதால் மாரிப் படகு வராது. கேட்டால்தான் வரும். கேட்பதற்கு ஊரில் ஆட்கள் குறைவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நெடுந்தீவில் வாழ்ந்தோர் நாலாயிரம் பேர்கூட இல்லை. அவ்வளவு பேரின் வாக்குக்கு எந்த அரசியல்வாதி கடலில் இறங்குவார்?

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு சொல். உங்கள் ஊர்ச் சங்கங்கள் செய்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆளில்லாத ஊரில் கோபுரம் ஆண்டுக்கு ஆண்டு உயர்வதையும், அதே ஊரின் இறங்குதுறையில் மழைக்கு ஒதுங்க ஒழுங்கான கொட்டகை இல்லாதிருப்பதையும் கண்ட பின்னர் சொல்லாமலிருக்க முடியவில்லை. அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

ஆகவே நண்பரே, மார்கழியில் வாருங்கள். கோட்டை விடுதியில் அல்ல, ஊர்ச்சனத்தின் வீட்டில் தங்குங்கள். அவர்கள் அவிக்கும் பனங்கிழங்கைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். படகு ஓடாத நாளில் அலுத்துக்கொள்ளாமல், துறைமுகத்தில் காத்திருப்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். திரும்பிப்போய் எழுதும்போது பூநாரைகளைப் பற்றி ஒரு பந்தி எழுதினால், படகைப் பற்றி இரண்டு பந்தி எழுதுங்கள். நானும் இந்த மாரியில் அதைத்தான் செய்யப்போகிறேன். இரண்டு வருடம் பிந்திவிட்டது என்பதை அந்தப் பெரியவரின் மகளிடம் ஒப்புக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.