தின்னவேலிச் சந்தையில் ஒரு ஆள்மாறாட்டம்

யாழ்ப்பாணத்துத் தின்னவேலிச் சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்றால் இந்தக் கதை காதில் விழும்: "இப்ப எல்லாம் மரபணு மாத்தின சாமான். அதுதான் ருசியுமில்லை, விதை போட்டால் முளைக்கிறதுமில்லை, எங்கட மண்ணும் பழுதாப் போச்சு." மேடைகளிலும் இதே கதைதான். பழியெல்லாம் ஆள் மாறி விழுந்திருக்கிறது.

இலங்கையில் மரபணு மாற்றிய பயிர் எதுவும் வணிகச் செய்கையில் இல்லை. மினுங்கும் பைக்கற்றில் விற்பது கலப்பின விதை. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து எடுப்பது. ஆய்வுகூடத்தில் வேற்று உயிரின் மரபணுவைப் புகுத்துவது வேறு வேலை. ருசி போனதென்றால் இனத்தையும் பறித்த பருவத்தையும் கேளுங்கள்.

முளைக்காதா? கலப்பினக் காயின் விதையும் முளைக்கும். தாயைப்போல் காய்க்காது, அவ்வளவுதான். 'மலட்டு விதை' நுட்பம் கடைக்கு வந்ததே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பங்களாதேஷில் 2014 இல் கமக்காரருக்குக் கொடுத்த பி.டி. கத்தரி உண்மையாகவே மரபணு மாற்றியது; புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும். அதில் விதை எடுத்து மறுபோகம் வைக்கலாம். அங்கே கிருமிநாசினிச் செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. காய் துளைப்பான் புழுவுக்காக ஓயாமல் மருந்தடிக்கும் நம்மவருக்கு இது சின்ன விசயமில்லை.

அதற்காக நாளைக்கே கொண்டு வரச் சொல்லவில்லை. கத்தரி நம் பிரதேசத்துப் பயிர். அதன் காட்டு உறவுகள் வேலியோரத்திலும் தரவையிலும் நிற்கின்றன. மகரந்தம் அங்கே போனால் திருப்பி எடுக்க வழியில்லை. புழுவும் சும்மா இராது. இந்தியாவில் 2002 இல் வந்த பி.டி. பருத்தியின் நஞ்சுக்கு, குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடங்கவில்லை என்று 2010 இல் விதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் இந்திய அரசு பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தது. பயப்பட வேண்டிய இடம் இது. அதை விட்டுவிட்டுப் பைக்கற் விதையோடு மல்லுக்கட்டுகிறோம்.

மண்ணின் கதை இதைவிடக் கசப்பானது. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். ஓட்டையும் வெடிப்புமான கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டும் யூரியா நைத்திரேற்றாகி அதன் வழியே நேரே கிணற்றுக்குப் போகிறது. மலக்குழிக் கழிவும் கூடவே போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டுவதாக 1980 களிலிருந்து ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. சின்ன வெங்காயத்தில் மரபணு மாற்றிய இனம் உலகில் எங்குமே செய்கைக்கு வரவில்லை. ஆனால் பசளை அதிகம் வாங்கும் தோட்டங்களில் அதுவும் ஒன்று.

உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நைத்திரேற்றால் கூடுதல் ஆபத்து கைக்குழந்தைக்குத்தான்; அப்படிக் குழந்தை உள்ள வீடென்றால் இந்தக் கிழமையே கொடுங்கள்.