பெரியப்பாவின் அரமும் என் பேலன்ஸ் ஷீட்டும்

எங்க ஊர் ராஜபாளையத்தில் பிட்டர் என்றால் மில் பிட்டர்தான். ரிங் பிரேமைக் கழற்றி மாட்டுகிறவர். எங்க பெரியப்பா மட்டும் ஐ.டி.ஐ முடித்துவிட்டு திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தார். அவர் ராணுவத்தில் இருக்கிறார் என்று நான் ஸ்கூலில் கதை விட்டது தனிக்கதை :-)

அவர் கையில் இருந்தது என்னவோ அரம்தான். ஒரு பாகத்தில் நீல மையை லேசாகப் பூசி, ஜோடிப் பாகத்தோடு சேர்த்துத் தேய்ப்பார்களாம். மை எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு. அங்கே மட்டும் ராவ வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதலாக ராவினாலும் பாகம் வீணாகிவிடலாம். இன்றைக்கும் எங்க வீட்டுக் கதவு உரசினால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் பேசுவார்.

இப்ப ஏன் இந்தக் கதை? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐ.டி.ஐ பிட்டர் படிக்கிற சித்தி பையன், "அண்ணே, நானும் அங்க முயற்சி பண்ணலாமா?" என்று கேட்டான்.

1966-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை ரொம்ப காலம் நேரடி அரசு நிறுவனம். 2021 அக்டோபர் 1 முதல் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். காமர்ஸ் மாணவனாக எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. தனிக் கணக்கு இருந்தால்தான் ஒரு ரைபிளுக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று தெரியும்.

செய்த விதம்தான் உறுத்துகிறது. 2019 ஆகஸ்டில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரியப்பாவும்தான். 2021 ஜூனில் வந்த அவசரச் சட்டமோ, வேலைநிறுத்தத்தையே தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறகு வந்த சட்டத்துக்கு ஆயுள் ஒரு வருஷம்தான், காலாவதியாகிவிட்டது. சரி, ஆனால் நல்ல திட்டம் என்றால் அந்த ஊழியர்களிடமே பேசிப் புரியவைத்திருக்கலாமே? வாயை அடைத்துவிட்டு அதற்கு சீர்திருத்தம் என்று பெயர் வைப்பானேன்? ஏற்கனவே இருந்தவர்களை டெபுடேஷன் என்று 2 வருஷத்துக்கு வைத்தார்கள், அப்புறம் நீட்டித்தார்கள். எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் அந்தக் காத்திருப்புக்கு ஒரு வரி கிடையாது.

தம்பியை பெரியப்பாவிடமே அனுப்பினேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. "வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? அதை மொதல்ல கேளு. அதுக்கு முன்னாடி ஒழுங்கா ராவக் கத்துக்கோ" என்றாராம்.

பையன் இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க ராவிக்கொண்டிருக்கிறான். சித்திக்குத்தான் தலைவலி.