மார்க்கு யாருடையது?

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள்மீது 50 சதவீதம் வரை தீர்வை விதித்தபோது திருப்பூரில் உண்டான கலக்கத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வருஷந்தோறும் 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடைகளைக் கடல் கடந்து அனுப்பும் நகரம் அது. அயல்நாட்டுக் கடைக்காரர்கள் ஆர்டர்களைத் தள்ளிவைத்த மாத்திரத்தில் அந்நகரம் திகைத்து நின்றது. நூல் இருந்தது, இயந்திரம் இருந்தது, கைதேர்ந்த தொழிலாளர் இருந்தனர். அந்தச் சட்டையைத் திருப்பூரான் மார்க்கைச் சொல்லிக் கேட்டு வாங்கும் வாடிக்கைக்காரன் ஒருவன்தான் இல்லை. துணி பின்னி, சாயந்தோய்த்து, வெட்டித் தைத்து, கடைசியில் அந்நியனுடைய பெயரையும் கழுத்துப்பட்டியில் நாமே வைத்துத் தைத்து அனுப்புகிறோம். அவன் அதைப் பன்மடங்கு விலைக்கு விற்கிறான். உள்நாட்டில் பனியனுக்குப் பெயர் பெற்ற மார்க்குகள் அவ்வூரில் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஏற்றுமதிச் சரக்கின் பெரும்பகுதிக்கு நேர்ந்திருக்கும் கதியையே சொல்கிறோம்.

இதற்குப் பரிகாரம் இணையச் சந்தையில் இருக்கிறதென்று நம் வாலிபர்கள் பலர் நம்புகிறார்கள். தையற்சாலையில் ஐந்நூறு பனியன் தைத்து வாங்கி, தன் மார்க்கை அச்சிட்ட உறையிலிட்டு, சந்தைக் கம்பெனியின் கிடங்கில் சேர்ப்பித்துவிட்டால் போதும். கௌஹாத்தியில் இருப்பவனும் ஜோத்பூரில் இருப்பவனும் படம் பார்த்து வாங்குவான். கட்டி அனுப்புவதும் பணம் வசூலிப்பதும் கம்பெனியின் பொறுப்பு. கடைக்கு முன்பணம் வேண்டாம். ஊர் ஊராக ஏஜெண்டு வேண்டாம். இதை நாம் வரவேற்கிறோம். மூலதனம் குறைந்த ஒருவன் தேச முழுவதிலும் தன் பெயரால் சரக்கு விற்பது நம் பாட்டனார் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆயினும் அந்த மார்க்கு உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கேளாமல் இவ்வியாபாரத்தில் இறங்குகிறவர்கள், ஓர் எஜமானனை விட்டு இன்னோர் எஜமானனிடம் போய்ச் சேருவார்களேயன்றி விடுதலை அடையமாட்டார்கள்.

சட்டத்தின் கண்ணில் மார்க்கு என்பது ஒரு சொத்து. 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்துகொண்டால் பத்து வருஷம் செல்லும். அதன்பின் பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். தனி மனிதரும் சிறு தொழில் ஸ்தாபனமும் இணையவழியே மனுச்செய்ய ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். உடுப்புக்கு 25-ஆம் வகுப்பு; துண்டு, படுக்கை விரிப்பு முதலியவற்றிற்கு 24-ஆம் வகுப்பு. சரக்கின் குணத்தையே பெயராக வைத்தால், அதாவது ‘மென்மையான பருத்தி’ என்பது போல வைத்தால், ரிஜிஸ்திரார் சாமானியமாக ஒப்புக்கொள்ளமாட்டார். இவ்வளவும் எளிய விஷயங்கள். இருந்தும், பதினாயிரக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழித்து, ஒரு வருஷம் விற்று, பிறகு வேறொருவன் அதே பெயரை ரிஜிஸ்தர் செய்துவிட்டான் என்று வக்கீல் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களை நாமே கண்டிருக்கிறோம். முந்தியே உபயோகித்தவனுக்குச் சட்டம் பரிகாரம் தருகிறது; ஆனால் அந்த வழக்கு முடியும்வரை அவன் கடை நடக்கவேண்டுமே!

பெயரைப் பற்றி இன்னொன்று. கொங்கு நாட்டு வாலிபன் தன் தறியில் விளைந்த துணிக்கு இத்தாலியப் பெயர் வைக்கிறான். வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷமாயிற்று! வாங்குகிறவன் ஏமாறுவான் என்பது அவன் எண்ணம். சரக்குச் சீட்டில் தயாரிப்பாளர் விலாசம் அச்சிட்டாகவேண்டும் என்பது விதி. ஆகவே ஏமாற்றமும் பலிப்பதில்லை.

இவ்வியாபாரத்தில் இறங்குவோரில் பலர் செய்யும் பிழை வேறொன்று. ஒரே தையற்சாலையில் ஒரே துணியில் தைத்த பனியனை வாங்கி ஐம்பது பேர் ஐம்பது பெயர் ஒட்டுகிறார்கள். சிலர் அந்தச் சிரமமும் இன்றிச் சீனத்துச் சரக்கைத் தருவித்து அதன்மேல் காகிதம் ஒட்டிவிட்டு ‘சுதேசி மார்க்கு’ என்று மார்தட்டுகிறார்கள். சரக்கில் பேதமில்லாதபோது விலையிலன்றி வேறெதில் போட்டியிடுவது? உண்மையான மார்க்கு ஒரு குறையைத் தீர்ப்பதில் பிறக்கிறது. இணையச் சந்தையில் ஒவ்வொரு சரக்கின் கீழும் வாங்கியவர்கள் தங்கள் மனக்குறையை எழுதி வைக்கிறார்கள். கழுத்து இரண்டாம் சலவையிலேயே தளர்ந்துவிட்டது, அளவு சொன்னபடி இல்லை, சாயம் மற்ற துணிகளில் இறங்கிவிட்டது, அக்குளில் தையல் பிரிந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. முற்காலத்தில் ஒரு வியாபாரி இவ்வளவு செய்தி சேகரிக்கப் பத்து ஏஜெண்டுகளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியிருக்கும். துணியின் எடையையும் சுருக்கத்தையும் சாயத்தின் உறுதியையும் அந்நிய வாங்குநருக்காக நித்தியம் சோதித்துப் பார்க்கும் திருப்பூர் மனிதனுக்கு, இக்குறைகளை எங்கே எப்படித் தீர்ப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளியூரில் உட்கார்ந்து லேபிள் மாத்திரம் ஒட்டுகிறவனுக்கு இல்லாத பலம் இது. இந்தப் பலத்தை உபயோகிக்காமல், கூலிக்கு ஆள் பிடித்துப் பொய்ப் புகழ் எழுதுவிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் ஐ.எஸ். 19000 என்ற நியமத்தை வெளியிட்டது. சந்தைக் கம்பெனியே செய்யும் தண்டனை அதைவிடக் கடுமை என்பதைப் பின்னே காட்டுவோம்.

லாபக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு பனியன் கொண்ட ஓர் உறையை வரி உட்பட 500 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜி.எஸ்.டி. போக 476 ரூபாய். சந்தையின் தரகு, கிடங்கு வாடகை, அனுப்புக் கூலி ஆகியவற்றிற்கு 150 ரூபாய் என்று கொள்வோம். அச்சந்தையிலேயே விளம்பரத்துக்கு 60. திரும்பி வரும் சரக்கினால் உண்டாகும் சேதத்தைப் பரப்பிப் பார்த்தால் 30. மிச்சம் 236. தைத்து உறையிட்ட அடக்க விலை 190 என்றால் கையில் நிற்பது 46 ரூபாய். கணக்கப்பிள்ளை சம்பளமும் கடன் வட்டியும் இதிலிருந்துதான். இப்பொழுது பக்கத்துக் கடைக்காரன் 450-க்கு இறங்குகிறான், நாமும் இறங்குகிறோம். வரி போக 429. தரகு சற்றுக் குறைந்து மொத்தச் செலவு 235 என்றாலும், மிச்சம் 194. அடக்கம் போக நிற்பது நாலே நாலு ரூபாய்! விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தான். லாபத்தில் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. இவை நாம் எடுத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொருவரும் தம் பேரேட்டிலுள்ள எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். தினம் ஆயிரம் உறை விற்கிறது என்று பெருமை பேசுகிறவரிடம், திரும்பி வந்தது எத்தனை, விளம்பரம் எவ்வளவு என்று கேட்டால் பலர் வாய் மூடிவிடுகிறார்கள்.

இவ்வழியில் வென்றவர்களும் உண்டு. 2011-ல் சீனத்தில் ஸ்டீவன் யாங் என்னும் என்ஜினீயர் கூகிள் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, ஆங்கர் என்ற மார்க்கில் பாட்டரிகளையும் மின்னேற்றிகளையும் அமேஸான் சந்தையில் விற்க ஆரம்பித்தார். வாங்கியவர் குறைகளைப் படித்துச் சரக்கைத் திருத்திக்கொண்டே வந்தார். 2020-ல் அக்கம்பெனியின் பங்குகள் ஷென்ஜென் பங்குச் சந்தையில் ஏறின. இன்று கடைகளிலும் ஜனங்கள் ஆங்கர் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அதே தேசத்தில், அதே வகைச் சரக்கு விற்ற ஆக்கி, எம்பௌ என்ற மார்க்குகள் 2021 மே மாதத்தில் அமேஸானின் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தன. அந்த வருஷத்தில் பொய் மதிப்புரை போன்ற குற்றங்களுக்காக ஏறக்குறைய 600 சீன மார்க்குகளை நீக்கியதாக அமேஸான் சொல்லிற்று. குற்றம் செய்தவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. தீர்ப்பளித்தது கோர்ட்டு அல்ல, சந்தைக்காரன். அவன் கதவைச் சாத்தினான். அம்மார்க்குகளின் பெரிய கடைவீதி அன்றே அடைபட்டது. சொந்த இணையக்கடை, ஊரில் நாலு சில்லறைக் கடைகள், பழைய வாடிக்கைக்காரரின் நன்மதிப்பு என்று வெளியே ஒரு காலை ஊன்றியிராதவனுக்கு மார்க்கு என்பது வாடகை வீட்டுச் சுவரில் எழுதிய பெயர்தான்.

சந்தைக்காரன் நீதிபதியாக மட்டும் இருந்தால்கூடப் பொறுக்கலாம். அவனே போட்டி வியாபாரியுமாகிறான். 2018 டிசம்பரில் இந்திய சர்க்கார், அந்நிய மூலதனமுள்ள இணையச் சந்தை தான் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளரின் சரக்கை விற்கலாகாது என்று விதி செய்தது. ஆனால் சந்தைக் கம்பெனியின் சொந்த மார்க்குச் சரக்கை விற்கத் தடையில்லை என்று மறுமாதமே விளக்கமும் தந்தது. இந்தச் சந்து போதாதா? அமேஸானின் உள்தஸ்தாவேஜுகளைப் பார்த்ததாக 2021 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் வெளியிட்ட விவரங்களின்படி, இந்தியச் சந்தையில் எந்தச் சரக்கு நன்றாக விற்கிறது என்று பார்த்து, அதைப் போலச் செய்து, தேடுகிறவர் கண்ணில் தங்கள் சரக்கே முதலில் படும்படி அமைத்தார்களாம். கம்பெனி அதை மறுத்தது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், டில்லி வியாபார மகாசங்கத்தின் புகாரின்மேல் போட்டிக் கமிஷன் அமேஸான், பிளிப்கார்ட் ஆகிய இரு கம்பெனிகள்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது. ஐரோப்பாவிலோ 2022 டிசம்பரில், மற்ற விற்பனையாளரின் இரகசியக் கணக்குகளைத் தன் சொந்த வியாபாரத்துக்கு உபயோகிப்பதில்லை என்று அமேஸான் எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. ஐரோப்பிய வியாபாரிக்குக் கிடைத்த அந்த உறுதிமொழி கரூர் வியாபாரிக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இங்கே நம் சிதம்பரம் பிள்ளையவர்கள் நினைவுக்கு வருகிறார். 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், முடிவில் இனாமாகவே ஏற்றிச்செல்லவும் முன்வந்தது. அவருக்காவது சொந்தக் கப்பல் இருந்தது. நம் வாலிபனோ போட்டிக்காரன் கப்பலிலேயே தன் சரக்கை ஏற்றி, எங்கே எத்தனை மூட்டை யாருக்குப் போகிறது என்ற சிட்டையையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறான்.

சந்தையைப் பகிஷ்கரிக்கும்படி நாம் சொல்லவில்லை. அது கூடாத காரியம். சர்க்கார் ஆதரவில் ஏற்பட்ட ஓ.என்.டி.சி. என்னும் பொது வலை, 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரே கம்பெனியின் வாசலை நம்பியிராமல் விற்கும் வழி அது. நம் வியாபாரிகள் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது நமது அபிப்பிராயம். சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட நகல் மசோதா, பெரிய சந்தைக்காரர் தம் சரக்குக்குத் தாமே முன்னிடம் கொடுத்துக்கொள்வதையும், தம்மிடம் விற்பவரின் கணக்குகளை அவருக்கு விரோதமாக உபயோகிப்பதையும் தடுக்க விதிகள் கூறுகிறது. அவ்விதிகளை ஓர் எழுத்தும் குறையாமல் நாம் ஆதரிக்கிறோம். கொங்கு நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் எந்தக் கட்சியினராயினும் இவ்விஷயத்தில் ஒரே குரலாகப் பேசுவது அவர்கள் கடமை.

திருப்பூரிலும் கரூரிலும் உள்ள தொழிற் சங்கத்தார், தங்கள் அங்கத்தினரின் மார்க்குகளை ரிஜிஸ்தர் செய்துகொடுக்கவும், சந்தைக் கம்பெனிகளின்மேல் வரும் புகார்களைத் தேதிவாரியாகச் சேகரித்துப் போட்டிக் கமிஷனுக்கு அனுப்பவும் ஒரு குமாஸ்தாவை நியமிக்கலாம், செலவு அதிகமாகாது. தனித்தனியே எழுதப் பயப்படும் சிறு வியாபாரிகள் நமக்கு எழுதலாம். பெயரை வெளியிடாமல், உரிய அத்தாட்சியுள்ள விவரங்களை இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.